ஐயர் வராத அசனம்

தோத்திரபுரத்தில் அசனம் என்றால் நேசையாதான். கோயில் பிரதிஷ்டைப் பண்டிகையன்று ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்துக்குத் தாமிரபரணிக் கரைக் கிறிஸ்தவர்கள் வைத்திருக்கும் பேர் அசனம். அரிசி எந்த மில்லில், ஆடு எந்தச் சந்தையில், விறகு எந்தத் தோப்பில் என்பதிலிருந்து, கடைசிப் பந்தியில் யார் இலையில் வெறும் எலும்பு விழுந்தது என்பது வரைக்கும் அவர் கண்ணுக்குத் தப்பாது. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். லைன் கிளியர் வாங்காமல் எவனும் கம்பத்தில் கால் வைக்கக் கூடாது என்று காலமெல்லாம் கத்தியவர். கம்பியில் கரண்டு இல்லை, ஏறலாம் என்று ஆபீஸ் சொல்லுகிற உத்தரவுக்குப் பேர்தான் லைன் கிளியர். அதைக் கேட்காமல் ஏறிக் கரண்டு அடித்துச் செத்த கூட்டாளி ஒருவரைத் தன் கையால் இறக்கிச் சுமந்தவர் என்பதால் அந்தக் கத்தலில் நியாயம் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு கத்தலை அப்படியே கோயில் சமையல் கொட்டகைக்குக் கொண்டு வந்துவிட்டார்.

கொட்டகையில் அவர் போட்டிருந்த சட்டங்களில் பெரிய சட்டம் ஒன்று. ஐயர் வந்து ஜெபம் பண்ணாமல் சோற்று அண்டாவின் மூடியில் எவனும் கை வைக்கக் கூடாது. ஐயர் என்றதும் வேறு எங்கேயும் போய்விட வேண்டாம். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் சர்ச்சைக் கோயில் என்றும், தங்கள் குருவானவரை ஐயர் என்றும்தான் சொல்வார்கள். ஒரு வருஷம் ஐயரின் கார் பஞ்சராகி, வெயிலில் ஊரே இலைக்கு முன்னால் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. நேசையா அசையவில்லை. அண்டாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தார்.

அவரைப் பற்றி இன்னொரு சங்கதியும் உண்டு. அவருக்கு வாய்விட்டு ஜெபம் பண்ண வராது. வேலை என்றால் முதல் ஆளாக நிற்பார். "அண்ணாச்சி, ஒரு சின்ன ஜெபம் பண்ணுங்களேன்" என்று யாராவது சொன்னால் போதும், அடுப்பைப் பார்க்க ஓடிவிடுவார். வாலிப வயதில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் வசமாக மாட்டிக்கொண்டார். எழுந்து நின்று, கண்ணை மூடி, வேர்த்து விறுவிறுத்து, ஆண்டவரிடம் என்னத்தையோ விண்ணப்பித்து, முடிக்கிற இடத்தில் ஆமென் என்பதற்குப் பதிலாக, "இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள நேசையா" என்று முடித்துவிட்டார். ஆபீசுக்கு மனு எழுதிப் பழகின வாய், பாவம். அன்றைக்குச் சிரித்தவர்கள் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

அவர் மனைவி சாரம்மாள் இதற்கு நேர் எதிர். அந்த அம்மாள் ஜெபிக்க ஆரம்பித்தால் ஊரில் உள்ள நோயாளி, பரீட்சை எழுதுகிற பிள்ளை, கப்பலில் போனவன், கோர்ட்டுக்குப் போனவன் ஒருவரையும் விடமாட்டாள். வீட்டில் ஒருவர் செய்வார், ஒருவர் சொல்வார் என்று ஊரில் கேலி பேசுவார்கள். இரண்டு பேருக்கும் அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

இரண்டு பேருக்கும் உயிர் ஒன்றே ஒன்றுதான். மகள் ரீபா. சாத்தான்குளத்தில் பள்ளிக்கூட டீச்சர். மாப்பிள்ளைக்கு துபாயில் வேலை. கல்யாணமாகிப் பல வருஷம் காத்திருந்து, இப்போதுதான் முதல் பிள்ளை வயிற்றில். ஏழு மாதம். பண்டிகைக்கு வந்தால் அப்படியே பிரசவத்துக்கு இருந்துவிடலாம் என்று, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பெட்டியோடு பஸ் ஏறினாள். அசனம் மறுநாள் திங்கட்கிழமை.

அது 2023 டிசம்பர். அந்த ஞாயிற்றுக்கிழமை பெய்த மழையைப் பற்றி நெல்லைக்காரர்களிடம் யாரும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் பொழுது சாயும் வரைக்கும் விடமாட்டார்கள். வானத்தில் யாரோ மடையைத் திறந்துவிட்டு மூட மறந்து போனார்கள். "நாசரேத் தாண்டிட்டோம்ப்பா, ரோட்டுல தண்ணியா கெடக்கு, பஸ்ஸு பையப் போவுது" என்று ரீபா போனில் சொன்னாள். நேசையா பதில் சொல்வதற்குள் போன் செத்துப்போனது. அதற்குப் பிறகு அந்த ஊரில் எந்தப் போனும் உயிரோடு இல்லை.

சாயங்காலத்துக்குள் ஆறு கரையை உடைத்துக்கொண்டு வயலுக்குள் வந்தது. வயலிலிருந்து தெருவுக்குள் வந்தது. கோயில் மட்டும் மேட்டில் இருந்ததால் தப்பித்தது. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகிற பஸ் ஒன்று ஊருக்குப் பிரிகிற விலக்கில் தண்ணீருக்குள் நின்றுவிட்டது. சமையல்காரர் ஜாபேசும் ஊர் ஆட்களும் வடக்கயிறு கட்டி, நெஞ்சளவு தண்ணீரில் இறங்கி, அத்தனை பயணிகளையும் கோயிலுக்குக் கொண்டு வந்து சேர்த்தார்கள். கயிற்றின் மறுமுனையைக் கடைசி வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றவர் நேசையா. ஒவ்வொரு ஆளாகக் கரையேறும்போதும் அவர் முகத்தைப் பார்ப்பார். மகளுடைய முகம் அந்தக் கூட்டத்தில் இருக்க வழியில்லை, அவள் எதிர்த் திசையிலிருந்து வருகிறவள் என்று அவருக்கும் தெரியும். தெரிந்தும் பார்த்தார்.

திங்கட்கிழமை விடிந்தபோது கோயிலுக்குள் ஒரு சின்ன உலகமே உட்கார்ந்திருந்தது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த ஊர்க்காரர்கள் ஒரு பக்கம். பஸ்ஸில் வந்தவர்கள் ஒரு பக்கம். கறுப்பு வேட்டியும் மாலையுமாக ஐயப்ப பக்தர்கள் சிலர் தூணை ஒட்டி. மேலப்பாளையத்துப் பெண் மைதீன் பாத்திமா, நடை பழகுகிற மகன் ஹனீனை மடியில் வைத்துக்கொண்டு பீடத்துக்குப் பக்கத்தில். வீடுகளில் இருந்த அரிசி பருப்பெல்லாம் தண்ணீரோடு போய்விட்டது. ஊரில் மிச்சம் இருந்த சாப்பாட்டுச் சாமான், மேட்டு ஸ்டோர் ரூமில் இருந்த அசனச் சாமான்தான். ஆடு முந்தின நாளே அறுத்தாகிவிட்டது.

"ஆக்குலே ஜாபேசு" என்றார் நேசையா. "மழைக்குப் பயந்து அசனம் நின்னுச்சுன்னு இருக்கக் கூடாது."

ஜாபேஸ் ஆக்கினார். ஈர விறகு பிடிக்காமல் புகைந்து கண்ணைக் கரித்தது. ஆனாலும் மதியத்துக்குச் சோறு வெந்து, ஒரு பக்க அடுப்பில் கறிக்குழம்பும், தள்ளி இன்னொரு அடுப்பில் பெண்கள் வைத்த சாம்பாரும் கொதித்து இறங்கின. அண்டா மூடப்பட்டது. வாசம் கொட்டகையிலிருந்து கிளம்பிக் கோயிலுக்குள் நடந்து போனது. சிறு பிள்ளைகள் அழுகையை நிறுத்தி மூக்கை உயர்த்தினார்கள்.

அவ்வளவுதான். நேசையா நாற்காலியைக் கொண்டு வந்து அண்டாவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

ஐயரும் சபை ஊழியரும் ஞாயிறு ஆராதனைக்கு ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற சபைக்குப் போனவர்கள், அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அது ஊருக்கே தெரியும். "என்ன ஆனாலும் அசனத்துக்கு வந்துருவேன் நேசையா" என்று ஐயர் சனிக்கிழமை சொல்லிவிட்டுப் போனார். அதைப் பிடித்துக்கொண்டார் இவர். "சொன்னா சொன்னபடி வருவாவ. இலையப் போடாதீய. வரட்டும்."

நேரம் போனது. பிள்ளைகள் மறுபடியும் அழ ஆரம்பித்தார்கள். சாரம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள்.

"சோறு வெந்து இறக்கியாச்சு. இன்னும் என்னத்துக்குக் காத்துக்கிட்டு இருக்கீய?"

"ஐயர் வரட்டும்."

"எதுல வருவாவ? ஆத்து மேல நடந்தா? இயேசு கூப்பிட்டுத் தண்ணி மேல நடந்த பேதுருவே முங்கிட்டாரு. நம்ம ஐயருக்கு நீச்சலும் தெரியாது."

ஜாபேஸ் சிரிப்பை அடக்கக் கரண்டியைத் துடைத்தார். நேசையா சிரிக்கவில்லை. சாரம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"நம்ம ரீபா எங்கன நிக்காளோ. வயித்துல புள்ளையோட. அவளுக்கு முன்னாலயும் ஒருத்தன் இப்படி சோத்த மூடி வச்சிட்டு நாற்காலியில உக்காந்திருந்தான்னா அவன என்ன சொல்லுவீய?"

"அவ பேர எடுக்காத!" என்று அவர் போட்ட சத்தத்தில் கொட்டகை அடங்கிப்போனது. சாரம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். அந்தச் சத்தம் கோபத்தில் வரவில்லை என்று அவளுக்குத் தெரியும். அழுகிற பிள்ளைகளிடம் திரும்பிப் போய்விட்டாள்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நேசையா கல்நெஞ்சுக்காரர் இல்லை. ஆனால் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து அவர் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். எல்லாவற்றையும் முறைப்படி செய்தால் ரீபா முழுசாக வந்து சேருவாள். எங்கேயாவது முறை தப்பினால், லைன் கிளியர் வாங்காமல் ஏறினவனுக்கு ஆனதுபோல, அவளுக்கு ஏதாவது ஆகிவிடும். ஆண்டவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்டுத் தலையாட்டினவர்தான். பயம் வந்துவிட்டால் பிரசங்கமெல்லாம் எங்கே நிற்கிறது? அவருக்கு மூடியைத் திறக்கக் கை வரவில்லை. அதுதான் விஷயம்.

மைதீன் பாத்திமா மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு கொட்டகை வாசலில் வந்து நின்றாள். சோறு கேட்கவில்லை. "மாமா, ஒரு வாய் வெந்நி கெடைக்குமா? பிஸ்கட்டுத் தூளு கொஞ்சம் இருக்கு, இவனுக்குக் கரைச்சுக் குடுப்பேன்" என்றாள். நேசையா பாய்ந்து எழுந்து, தானே ஒரு செம்பில் வெந்நீர் மொண்டு, ஆற்றிக் கொடுத்தார். "எங்க வாப்பா அங்கன என்னக் காணாமத் தேடி அலைஞ்சுக்கிட்டு இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவள் பிள்ளையின் வாயில் ஊட்டினாள். நேசையாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மறுபடியும் நாற்காலிக்கு வந்து தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இதையெல்லாம் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயப்ப பக்தர்களுக்குக் குருசாமி. இசக்கிப்பாண்டி என்று பேர். பாளையங்கோட்டையில் டெய்லர் கடை வைத்திருக்கிறவர், தாடியும் சந்தனமுமாக இருந்தார். பைய எழுந்து வந்து, அண்டாவுக்குத் தள்ளியே, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, உங்க ஐயர் மாதிரிதான் நானும். போவ வேண்டிய இடத்துக்குப் போவ முடியாம மாட்டிக்கிட்டவன்."

நேசையா நிமிர்ந்து பார்த்தார்.

"கீழவடலின்னு ஒரு ஊரு, கெழக்க இதே ரோட்டு மேலதான். அங்கன ஆறுமுகநயினார்னு நம்ம பய ஒருத்தன், பலசரக்குக் கடை. இந்த வருசந்தான் முதல் மாலை. நேத்து சாயங்காலம் அவன் வீட்டுல கன்னி பூஜை. முதல் மாலை போட்டவன் ஊரக் கூட்டி சோறு போடணும், அதான் வழக்கம். குருசாமி வந்து பூஜைய முடிக்காம அந்தச் சோத்துல யாரும் கை வைக்கக் கூடாது. சொல்லிக் குடுத்ததே நான்தான். அந்தப் பய இருக்கானே, சொன்ன சொல்லுல இருந்து இம்மி நகர மாட்டான். உங்க சாதிதான்னு வச்சுக்கிடுங்களேன்" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "நேத்துல இருந்து எனக்கு அதே நெனப்பா இருக்கு அண்ணாச்சி. அந்த ரோட்டுல எத்தன பஸ்ஸு நிக்கோ. எத்தன பேரு பசியோட அவன் வாசல்ல நிக்காவளோ. அவன் எனக்காகச் சோத்த மூடி வச்சிட்டு ஒக்காந்திருப்பான். அங்கன போறவன் எவனாவது இருந்தா ஒரு வார்த்த சொல்லி விடுவேன். ‘ஏலே நயினாரு, எனக்காகக் காத்திருக்காத, தொறந்து போடுலே'ன்னு. சொல்லி விடத்தான் ஆளில்ல."

மழை ஓட்டின் மேல் கொட்டிக்கொண்டே இருந்தது.

"உங்க ஐயரும் அக்கரையில நின்னுக்கிட்டு இந்நேரம் அதத்தான் சொல்லுவாரு. உங்க காதுக்கு வந்து சேர மாட்டேங்கு, அவ்வளவுதான்."

நேசையா யாரிடமும் சொல்லாததை முன்பின் தெரியாத அந்த மனுஷனிடம் சொன்னார். "எம் மவ அந்த ரோட்டுலதான் வந்தா. ஏழு மாசம். என்ன ஆச்சுன்னே தெரியல. முறை தப்பிருமோன்னு பயமா இருக்கு."

குருசாமி எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்து, அப்படியே நின்றார்.

நேசையா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். எழுந்து நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்தார். "ஜாபேசு, இலையப் போடச் சொல்லு" என்றார்.

கோயிலுக்குள்ளும் நடைகளிலும் இலை விழுந்தது. சோற்று அண்டாவைப் பெரிய கதவுக்குப் பக்கத்தில் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்கள். எல்லாரும் உட்கார்ந்தார்கள். இப்போது யார் ஜெபம் பண்ணுவது என்கிற கேள்வி வந்தது. நேசையா கண்ணால் மனைவியைத் தேடினார். "சாரா, நீ பண்ணு."

சாரம்மாள் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தாள். "நான் பண்ண மாட்டேன். என் ஜெபம் பெருசு, சோறு ஆறிப்போவும். நீங்க பண்ணுங்க."

அடுப்பைப் பார்க்க ஓடுவதற்கு வழியில்லை. அடுப்பை ஜாபேஸ் அணைத்துவிட்டார். நேசையா அண்டாவின் மூடிமேல் இரண்டு கையையும் வைத்தார். சூடு உள்ளங்கையில் ஏறியது. கையை எடுக்கவில்லை. கண்ணை மூடினார். முன் வரிசையில் இருந்த ஊர்க்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஆண்டவரே" என்றார். மூடியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "சோறு வெந்துட்டு. ஜனங்க பசியா இருக்காவ. ஐயர் வர முடியல, அது உமக்கே தெரியும். எம் மவ ரீபா எங்கன இருக்கான்னும் உமக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியல. அவ நிக்கிற இடத்துல எவனாவது மூடியத் தொறக்கட்டும். இங்கன நான் தொறக்கேன்."

முடிக்கிற இடம் வந்தது. அவர் உதடு ஏதோ வார்த்தைக்குக் குவிந்ததைப் பார்த்து ஜாபேசுக்குப் பகீரென்றது. நேசையா சுதாரித்துக்கொண்டார். "ஆமென்" என்றார்.

ஊர் ஆமென் என்றது. பீடத்துப் பக்கமிருந்து மைதீன் பாத்திமா ஆமீன் என்றாள். தூணோரம் "சாமியே சரணம் ஐயப்பா" என்று மெல்லக் கேட்டது. தோத்திரபுரம் கோயிலில் அதுவரை யாரும் அப்படி ஒரு முடிவைக் கேட்டதில்லை. ஒருத்தருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. நேசையா மூடியைத் திறந்தார். ஆவி குபீரென்று மேலே போனது.

அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமே அவரை. பழைய நேசையா திரும்பி வந்துவிட்டார். "ஏலே, அந்தக் கறிக் கரண்டிய சாம்பார்ப் பக்கம் கொண்டு போனா கைய ஒடிச்சிருவேன்!" என்று கத்தினார். குருசாமி கூச்சத்தோடு, "நாங்க தண்ணி மட்டும் குடிச்சுக்கிடுதோம் அண்ணாச்சி, கறி ஆக்கின இடம்..." என்று இழுத்தபோது இவர் விடவில்லை. "சாம்பார் அடுப்பே தனி. பொம்பளைங்க வச்சது. கறி வாசங்கூடப் படல. அதுக்குன்னு புதுக் கரண்டி, புது வாளி. அதுக்கும் நம்மகிட்ட சட்டம் இருக்கு வே" என்றார். குருசாமி அவரைப் பார்த்தார், இலையைப் பார்த்தார். "எங்களுக்கும் வயிறு இருக்கு. சாமி கோவிச்சுக்கிட மாட்டாரு" என்று உட்கார்ந்து, சாம்பாரை மூன்று தடவை வாங்கினார். மைதீன் பாத்திமா கறி வாளியைக் கண்டு தயங்கியதும், கேட்காமலே பதில் வந்தது. "ஆடு அறுத்தது உங்காளுதாம்மா. எங்க ஊருக்கு எப்பவும் பாய் கடைதான். தைரியமாச் சாப்பிடு." அந்தச் சின்னப் பயல் ஹனீன், கறிக்குழம்புச் சோற்றைக் கன்னமெல்லாம் அப்பிக்கொண்டு தின்றதைச் சாரம்மாள் நின்று பார்த்தாள். பார்த்துக்கொண்டே அழுதாள். அப்புறம் சிரித்தாள்.

நேசையா மட்டும் அன்றைக்குச் சாப்பிடவில்லை. கோபமோ வைராக்கியமோ இல்லை. இறங்கவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை மழை விட்டது. மதியத்துக்கு முன்னால், ரோடு இருந்த இடத்தில் ஒரு படகுச் சத்தம் கேட்டது. மணப்பாட்டிலிருந்து லாரியில் படகை ஏற்றிக்கொண்டு வந்து, உள்நாட்டு வெள்ளத்தில் இறக்கி, நேற்றிலிருந்து உறங்காமல் ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார் மரிய அந்தோணி என்ற மீனவர். கடல் பக்கத்துக் கத்தோலிக்கர். யாரும் கூப்பிடாமலே கிளம்பி வந்தவர். படகின் முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஐயர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால், யாருடையதோ ஒரு பெரிய சட்டையைப் போட்டுக்கொண்டு, வயிற்றைக் கையால் தாங்கியபடி ரீபா.

நேசையா தண்ணீருக்குள் எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. மகளைத் தூக்கிக் கரையில் வைத்த பிறகுதான் மூச்சு விட்டார். "ஒண்ணுமில்லையே? புள்ள அசையுதா?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

"நல்லா உதைக்கான்ப்பா. அழாதீங்க. நான் ஒரு நேரங்கூடப் பட்டினி கெடக்கல" என்றாள் ரீபா. சாரம்மாள் கட்டிக்கொண்ட பிடியிலிருந்து விடுபட்டு, படியில் உட்கார்ந்து, அவளே சொன்னாள். "பஸ்ஸு நின்னதும் ஒரு ஊர்ல இறக்கி விட்டாங்க. ரோட்டோரம் மாடி வீடு ஒண்ணு. உள்ள பந்தலெல்லாம் போட்டு, ஐயப்பன் படம் வச்சி, பூஜைக்கு ரெடியா இருந்துச்சு. அண்டா அண்டாவாச் சோறு. அந்த வீட்டு அண்ணன் மாலை போட்டிருந்தாங்க. கொஞ்ச நேரம் வாசலுக்கும் அண்டாவுக்கும் நடையா நடந்தாங்க, பாவம். யாரோ குருசாமி வரணுமாம். பொறவு என்னப் பாத்தாங்க. நேராப் போயி மூடியத் தொறந்துட்டாங்கப்பா. முதல் இலை எனக்குத்தான். வயித்துப்புள்ளக்காரி முதல்ல சாப்பிடட்டும்னு சொல்லி, அவங்களே பரிமாறினாங்க. குருசாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன்னு சொன்னாங்க."

கொட்டகை வாசலில் நின்ற குருசாமி இரண்டு எட்டு முன்னால் வந்தார். "எந்த ஊரு தாயி?"

"கீழவடலி."

"தொறந்துட்டானா?" என்றார் குருசாமி. ரீபாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "தொறந்துட்டானா அந்தப் பய! நான் சொல்லாமலே தொறந்துட்டானா!" தாடிக்குள் கண்ணீர் ஓடியது, துடைக்கவே இல்லை. நேசையா அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நன்றி என்கிற சொல் அந்த இடத்துக்குப் போதாது என்று அவருக்குப் பட்டது.

படகு கிழக்கே போக வேண்டும். குருசாமியும் அவர் ஆட்களும் கிளம்பினார்கள். நேசையா ஸ்டோர் ரூமுக்குள் போய், அசனத்துக்கு வாங்கினதில் பிரிக்காமல் இருந்த அரிசி மூடை ஒன்றைத் தன் தோளிலேயே தூக்கிக்கொண்டு வந்து படகில் வைத்தார். பின்னாலேயே சாரம்மாள் பருப்பும், பூசணிக்காயும், கழுவித் துடைத்த புதுக் கரண்டியும் கொண்டு வந்தாள்.

"நயினார் வீட்டு பூஜைச் சோறு நம்ம புள்ளைக்கும் ஜனங்களுக்கும் போயிட்டு. திரும்ப ஆக்கி பூஜைய நடத்துங்க. இது கறி படாத அரிசி" என்றார் நேசையா.

குருசாமி மூடையைத் தொட்டுப் பார்த்தார். "அப்படியே கொண்டு போக மாட்டேன் அண்ணாச்சி. நேத்து பண்ணின மாதிரி ஒரு ஜெபம் பண்ணிக் குடுங்க."

எல்லாரும் ஐயரைப் பார்த்தார்கள். ஐயர் நல்ல மனுஷர். படியில் உட்கார்ந்து ஆறிப்போன சாம்பார்ச் சோற்றை அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், இடது கையை ஆட்டினார். "நான் எதுக்கு? நேசையா இருக்காவள்ல."

நேசையா ஓடவில்லை. தண்ணீரில் முழங்கால் அளவுக்கு நின்றுகொண்டு, அரிசி மூடையின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, எம் மவளுக்கு முதல் இலை போட்ட வீட்டுக்கு இந்த அரிசி போவுது. அந்த வீட்டு அடுப்பு அணையாம இருக்கட்டும். ஆமென்" என்றார்.

மரிய அந்தோணி மோட்டாரைக் கிளப்பினார். படகு திரும்பிப் போன பிறகு நேசையா கரையேறி வந்து, மகளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார்.

"சாரா, பசிக்கி. எனக்கும் ஒரு இலை போடு" என்றார்.